ரொட்டி இல்லாத ஹோரியாத்திகி: ஏதென்ஸ் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு கார்ப் குறைவான கிரேக்க சாலட்

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடலில் இருந்த வரைக்கும் எஞ்சின் ரூமில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த உடம்பு, கரையில் நாற்காலி வேலைக்கு வந்த இரண்டே வருஷத்தில் சர்க்கரையைக் காட்டிவிட்டது. மூன்று மாத சராசரி (HbA1c) 7.2 சதவீதம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மாவுச்சத்தைக் குறையுங்கள், இந்த ஊர் சாலட் இருக்கிறதே, அதைச் சாப்பிடுங்கள் என்றார்.

வெட்டிப் போட்டால் சாலட், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதல் தடவை லெட்டூஸ் வாங்கினேன், ஏதோ ஒரு வெள்ளைச் சீஸை உதிர்த்துப் போட்டேன், பாட்டிலில் வந்த டிரஸ்ஸிங்கை ஊற்றினேன், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்துக்குள் சாம்பல் நிறக் குளம். மூன்றாவது வாரம் சாலட் ஒழுங்காக வந்தது, ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. அதற்குக் காரணம் சாலட்டுக்கு வெளியே இருந்தது, கீழே 6-வது படியில் சொல்கிறேன். நான் சுற்றிய சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோறு, ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதில் இறங்காதீர்கள். மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை ரொம்பக் கீழே போய் மயக்கம் வரலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

1. கிண்ணத்தில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது

இங்கே இதற்குப் பெயர் ஹோரியாத்திகி. நாட்டுப்புறத்து சாலட் என்று அர்த்தம். உணவக மெனுவில் கிரீக் சாலட் என்று இருப்பது இதுதான். லெட்டூஸ் இதில் கிடையாது. லெட்டூஸ் போட்டால் அது வேறு சாலட், அதை இவர்கள் குளிர்காலத்தில் சாப்பிடுவார்கள்.

ஒரு ஆளுக்கு, மதியச் சாப்பாடு என்ற கணக்கில் நான் போடும் அளவு இது:

- தக்காளி 200 கிராம், பெரியதாக இருந்தால் ஒன்று
- வெள்ளரிக்காய் 150 கிராம்
- பச்சைக் குடைமிளகாய் 50 கிராம்
- சிவப்பு வெங்காயம் 30 கிராம், அதற்கு மேல் வேண்டாம்
- கலமாட்டா ஆலிவ் 7 அல்லது 8
- ஃபெட்டா சீஸ் 60 கிராம், ஒரே பாளமாக
- ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி
- காய்ந்த ரிகானி (ஆரிகானோ), உப்பு

நார்ச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தக்காளியில் 5.5 கிராம் மாவுச்சத்து வரும், வெள்ளரியில் 4, வெங்காயத்தில் 2, குடைமிளகாயில் 1.5, ஆலிவில் 1, ஃபெட்டாவில் 2.5. எல்லாம் சேர்த்து 16, 17 கிராம். ஒரு கப் சோற்றில் 45 கிராம் என்பதை நினைத்துக்கொண்டால் இது நல்ல பேரம். ஆனால் பச்சைக் காய்தானே, மாவுச்சத்தே இருக்காது என்று நினைக்காதீர்கள். மாவுச்சத்து நாளுக்கு 20 கிராம்தான் என்று கீட்டோ டயட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரே கிண்ணம் கிட்டத்தட்ட முழுப் பங்கையும் தின்றுவிடும். அவர்கள் தக்காளியை 120 கிராம் ஆக்கி, வெங்காயத்தை வாசனைக்கு நாலு வளையம் மட்டும் போடட்டும். எடைக்கு எடை பார்த்தால் இந்தக் கிண்ணத்தில் மாவுச்சத்து அதிகம் உள்ளது வெங்காயம்தான்.

கலோரி 500-ஐத் தாண்டும். பாதி எண்ணெயிலிருந்து வருகிறது. சாலட் என்றால் லேசான சாப்பாடு என்று இதோடு கோழியும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஒரு மாதம் தின்றவன் நான்.

2. காய் வாங்குவது: சூப்பர்மார்க்கெட்டைத் தவிர்த்து, லாய்க்கிக்குப் போங்கள்

ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு தெருவை அடைத்துச் சந்தை போடுவார்கள், அதன் பெயர் லாய்க்கி. எக்ஸார்கியாவில் கலித்ரோமியு தெருவில் சனிக்கிழமை. உங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை என்று கீழ்வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். காலையிலேயே தொடங்கி மதியம் இரண்டு, இரண்டரைக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். நல்ல தக்காளி வேண்டுமென்றால் பத்து மணிக்குள் போங்கள். விலை குறைய வேண்டுமென்றால் ஒன்றரைக்கு மேல் போங்கள், அப்போது ஒரு கிலோ விலையில் இரண்டு கிலோ என்று கூவுவார்கள், ஆனால் கூடையில் கிடப்பது அமுங்கியதும் நசுங்கியதும்தான்.

தக்காளி சீசனில் கிலோ ஒன்றரையிலிருந்து இரண்டரை யூரோ வரைக்கும் கொடுத்திருக்கிறேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் அசல் தக்காளி. கோணல்மாணலாக, தோளில் வெடிப்போடு, காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சையாக இருப்பதை எடுங்கள். காம்பை முகர்ந்தால் செடி வாசம் வர வேண்டும். வாசமே வராத பளபளப்பு உருண்டையை வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தக்காளி ருசி செத்துப்போகும். மேசை மேல் காம்பு கீழே பார்க்கிற மாதிரி வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும்.

குடைமிளகாய் வாங்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கே சாலட்டுக்கு வெளிர்பச்சையில் மாட்டுக்கொம்பு மாதிரி நீளமாக ஒரு ரகம் கிடைக்கும், அது காரமே இருக்காது. பக்கத்துக் கூடையில் அதே நிறத்தில் காரமானதும் இருக்கும். அதைக் காஃப்தெரி என்பார்கள். நமக்கு அது ஒன்றும் பெரிய காரம் இல்லை. நான் தெரியாமல் வாங்கி வந்து, அப்புறம் தெரிந்தே வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம், கோடையில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே சிவந்த தண்டும் தடித்த குட்டி இலையுமாக ஒன்றைப் பார்ப்பீர்கள். க்ளிஸ்த்ரிதா என்பார்கள். நம்ம பருப்புக்கீரையேதான்! அம்மா பாசிப்பருப்போடு கடைவாளே, அதே கீரையை இவர்கள் பச்சையாகக் கிள்ளி சாலட்டில் போடுகிறார்கள். லேசான புளிப்பு, வாயில் மொறுமொறுவென்று உடையும், மாவுச்சத்து மிகக் குறைவு. தக்காளியைக் குறைத்த இடத்தை நிரப்ப இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒரு கைப்பிடி போதும்.

3. ஃபெட்டா: இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்

ஃபெட்டா என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் காப்புரிமை மாதிரி கட்டுப்படுத்தப்பட்டது. கிரேக்கத்தில், குறிப்பிட்ட பகுதிகளில், குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பாலும் அதிகபட்சம் 30 சதவீதம் வெள்ளாட்டுப் பாலும் சேர்த்துச் செய்து, குறைந்தது இரண்டு மாதம் உப்புத்தண்ணீரில் ஊறியதைத்தான் அப்படி விற்கலாம். மாட்டுப் பால் கலந்தாலே அது ஃபெட்டா இல்லை. அதனால் பொட்டலத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃபெட்டா என்ற சொல் அப்படியே இருக்கிறதா. இரண்டு, சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருக்கிறதா. இல்லையென்றால் அது லெஃப்கோ திரி, வெறும் வெள்ளைச் சீஸ். அதே அலமாரியில், அதே மாதிரி டப்பாவில், பாதி விலைக்கு இருக்கும். முதல் வாரம் நான் வாங்கியது அதுதான். பாலாடை மாதிரி வழவழவென்று இருந்தது, புளிப்பும் இல்லை, தக்காளித் தண்ணீரில் கரைந்துபோனது.

பொட்டலத்தை விட, கடையில் சீஸ் கவுன்ட்டரில் வெட்டி வாங்குவது நல்லது. கிலோ 12-லிருந்து 15 யூரோ ஆகும், ஆனால் 200 கிராம் கேட்டாலும் தருவார்கள். வரிசையில் உங்கள் முறை வந்ததும் கவுன்ட்டரில் நிற்கும் அம்மாள் கேட்கும் முதல் கேள்வி, மலாக்கி இ ஸ்க்லிரி என்பது. மெத்தென்றதா, கெட்டியா என்று கேட்கிறார். முதல் நாள் முழித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன், எதுவோ கொடுத்து அனுப்பினார். சாலட் மேல் பாளமாக நிற்க வேண்டுமென்றால் ஸ்க்லிரி கேளுங்கள். கொஞ்சம் கூடக் காசு போனாலும் பரவாயில்லை, நல்ல உறைப்பாக வேண்டும் என்றால் மரப்பீப்பாயில் வைத்த வரெலீஸியா கேளுங்கள்.

வாங்கும்போதே, இந்த உப்புத்தண்ணீரிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள் என்று டப்பாவைக் காட்டுங்கள். அதற்கு அல்மி என்று பெயர், காசு வாங்க மாட்டார்கள். அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால் ஃபெட்டா ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். வெறும் காகிதத்தில் சுற்றி வைத்தால் மூன்றாம் நாள் ஓரம் மஞ்சளாகிக் காய்ந்துவிடும்.

சுத்த சைவர்கள் கவனிக்க: பாலை உறைய வைக்கப் பாரம்பரியமாகப் போடுவது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். நுண்ணுயிர் ரென்னெட் போட்டதும் சந்தையில் உண்டு, லேபிளில் படித்துப் பார்த்தோ கேட்டோ வாங்க வேண்டும். சீஸ்தானே, சைவம்தானே என்று நான் என் அம்மாவிடம் போனில் சொன்னது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கவனிக்க: இது உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்த பொருள். வெட்டிய பாளத்தைக் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு எடுத்தால் உப்பு கொஞ்சம் இறங்கும், கூடவே ருசியும் கொஞ்சம் இறங்கும்.

4. ஆலிவ், எண்ணெய், ரிகானி

ஆலிவைக் கொட்டையோடு வாங்குங்கள். கொட்டை எடுத்து டப்பாவில் அடைத்தது ரப்பர் மாதிரி இருக்கும். கலமாட்டா என்றால் கருஊதா நிறம், பாதாம் மாதிரி கூர்மையான நுனி. கிலோ ஆறேழு யூரோவுக்கு லாய்க்கியிலேயே கிடைக்கும், வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொட்டை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பல் போனது.

எண்ணெய் எக்ஸ்ட்ரா வர்ஜின் மட்டும். கருநிற பாட்டிலோ தகர டின்னோ பாருங்கள், வெளிச்சத்தில் நிற்கும் வெள்ளை பாட்டில் வேண்டாம். இதன் விலை விளைச்சலைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் தாறுமாறாக ஆடும். இந்த ஊர்க்காரர்கள் பலர் கடையில் சின்ன பாட்டில் வாங்குவதில்லை, ஊரில் மாமா, சித்தப்பா யாரிடமாவது ஐந்து லிட்டர் டின் வாங்குவார்கள். அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லி வைத்தால் நவம்பர், டிசம்பரில் புது எண்ணெய் வரும்போது உங்களுக்கும் ஒரு டின் வரும். தொண்டையில் லேசாக மிளகு மாதிரி எரிந்தால் பயப்படாதீர்கள், புது எண்ணெய் அப்படித்தான் இருக்கும்.

ரிகானி என்பது ஆரிகானோ. பொடியாக வேண்டாம், காய்ந்த கொத்தாக வாங்கிக் கிண்ணத்துக்கு மேல் இரண்டு உள்ளங்கையாலும் கசக்குங்கள். நம்ம கற்பூரவல்லி வாசம் அதில் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

வினிகர் அவரவர் இஷ்டம். போட்டால் சிவப்பு வைன் வினிகர் ஒரு தேக்கரண்டி. பால்சாமிக் கிளேஸ் என்று கருப்பாகக் கெட்டியாக ஊற்றுகிறார்களே, அது சர்க்கரைப் பாகு மாதிரிதான், தொடாதீர்கள். பாட்டில் டிரஸ்ஸிங்கிலும் பெரும்பாலும் சர்க்கரை உண்டு. லேபிளில் சர்க்கரை, குளுக்கோஸ், தேன், மாவு என்று ஏதாவது இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

5. வெட்டுவதும் சேர்ப்பதும்: மொத்தம் 15 நிமிஷம், சாப்பிடுவதற்கு முன்னால் மட்டும்

என் கீழ்வீட்டு கிரியாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிரியா என்றால் அம்மா, மேடம் மாதிரி மரியாதையாகக் கூப்பிடுவது. நான் பலகையில் தக்காளியைச் சதுரம் சதுரமாக வெட்டி, வடிந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டியதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். தக்காளியை இடது கையில் கிண்ணத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, சின்னக் கத்தியை உள்ளே சொருகிக் கட்டைவிரலை நோக்கி இழுத்து, ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒவ்வொரு துண்டாக விழ விட்டார். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இல்லை. சாறு அத்தனையும் கிண்ணத்துக்குள். அந்தத் தண்ணீர்தான் சாலட், அதைக் கொட்டினால் அப்புறம் என்ன இருக்கிறது என்றார். என் பழைய குளம் எதனால் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தண்ணீர் வந்தது தப்பில்லை, அதில் எண்ணெய் சேராமல் வெள்ளைச் சீஸ் கரைந்ததுதான் தப்பு.

வரிசை இப்படி:

முதலில் வெங்காயம். மெல்லிய வளையங்களாக வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிஷம் போட்டால் காரல் போய்விடும். அது ஊறும் நேரத்தில் தக்காளியைச் சுளையாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, அதற்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. இந்தக் கிண்ணத்துக்கு மொத்த உப்பே அவ்வளவுதான், மிச்சத்தை ஃபெட்டாவும் ஆலிவும் பார்த்துக்கொள்ளும். நான் முதல் மாதம் பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் உப்புப் போட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளரியைத் தோலைக் கோடு கோடாக விட்டுச் சீவுங்கள். காம்புப் பக்கம் வெட்டி, வெட்டிய துண்டால் தேய்த்து நுரை எடுப்போமே, அதை இங்கேயும் செய்யலாம், கிரியா பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். விரல் பருமனுக்கு வட்டமாகவோ அரைவட்டமாகவோ வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் துவண்டுவிடும். குடைமிளகாய் வளையமாக.

தக்காளிக்கு உப்புப் போட்டு 10 நிமிஷம் ஆனதும் அடியில் சாறு சேர்ந்திருக்கும். இப்போது வெங்காயத்தைப் பிழிந்து போட்டு, வெள்ளரி, குடைமிளகாய், ஆலிவ், க்ளிஸ்த்ரிதா எல்லாம் போட்டுக் கையால் ஒரே ஒரு தடவை புரட்டுங்கள். அதன் மேல் ஃபெட்டாவை முழுப் பாளமாக வையுங்கள். உதிர்க்கக் கூடாது. பாளத்தின் மேலேயே ரிகானியைக் கசக்கி, கடைசியில் எண்ணெயை ஃபெட்டா மேல் விட்டு வழிய விடுங்கள். அப்புறம் கரண்டியால் கலக்க வேண்டாம், சாப்பிடும்போது முள்கரண்டியால் ஓரத்திலிருந்து உடைத்து உடைத்துச் சாப்பிடுங்கள்.

ஃபெட்டாவை ஃப்ரிட்ஜிலிருந்து 20 நிமிஷம் முன்பே எடுத்து வைத்தால் ருசி கூடும். கோடையில் அதற்கு மேல் வெளியே விடாதீர்கள்.

செலவு, என் கணக்கில் கிண்ணத்துக்கு இரண்டரை யூரோ சுமார். அதில் மூன்றில் ஒரு பங்கு ஃபெட்டா. டவெர்னாவில், அதாவது இந்த ஊர் உணவகத்தில், உட்கார்ந்தால் எட்டிலிருந்து பத்து யூரோ.

6. ரொட்டி

சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். சாலட் தீர்ந்ததும் அடியில் தக்காளிச் சாறு, எண்ணெய், ஃபெட்டாத் துணுக்கு, ரிகானி எல்லாம் கலந்து ஒரு ரசம் நிற்கும். அதில் ரொட்டியைப் பிய்த்து முக்கித் தின்பதற்கு இங்கே பாப்பாரா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு சாலட்டே அதற்காகத்தான். உள்ளங்கை நீளத் துண்டு ஒன்று, 50 கிராம் இருக்கும், அதில் 25 கிராம் மாவுச்சத்து. நான் இரண்டு துண்டு தின்றுகொண்டிருந்தேன். சாலட் முழுவதையும் விட மூன்று மடங்கு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 190 காட்டிய மீட்டர், ரொட்டியை விட்ட வாரம் 135 காட்டியது.

அந்தச் சாற்றை என்ன செய்வது? கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிடுங்கள். ரசம் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன கூச்சம். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் என்று நானும் ஆரம்பத்தில் வைத்திருந்தேன், இப்போது கிரியா முன்னாலேயே குடிக்கிறேன்.

டவெர்னாவில் கேட்காமலே ரொட்டிக் கூடை வந்து உட்காரும், பில்லிலும் தலைக்கு இவ்வளவு என்று ஏறும். உட்கார்ந்ததுமே, ஹொரிஸ் ப்ஸொமி, பராகலோ என்று சொல்லிவிடுங்கள். ரொட்டி இல்லாமல், தயவுசெய்து என்று அர்த்தம். கூடை மேசைக்கு வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. மெனுவில் தாக்கோஸ் என்று இருந்தால் அதே தக்காளியும் சீஸும்தான், ஆனால் அடியில் பார்லி ரஸ்க் படுத்திருக்கும். கிரீட் தீவுக்காரர்களின் சாப்பாடு. ருசிதான், நமக்கு இல்லை.

7. ஆபீசுக்கு எடுத்துப்போவது, குளிர்காலம்

காலையிலேயே கலந்து டப்பாவில் அடைத்தால் மதியம் ஊறுகாய். இரண்டு டப்பா வையுங்கள். பெரியதில் வெள்ளரி, குடைமிளகாய், ஆலிவ், வெங்காயம். சின்னதில் ஃபெட்டாவும் எண்ணெயும் ரிகானியும். தக்காளியை முழுசாகக் கொண்டுபோய் அங்கேயே கையில் பிடித்து வெட்டுங்கள், ஒரு சின்னக் கத்தி மேசை டிராயரில் கிடக்கட்டும். ஃபெட்டா டப்பா ஆபீஸ் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், வெயில் காலத்தில் மேசை மேலே வைக்காதீர்கள். மிச்சம் வைத்து ராத்திரிக்குச் சாப்பிடலாம் என்ற எண்ணமே வேண்டாம், அளவாகப் போடுங்கள்.

நவம்பருக்கு மேல் வரும் தக்காளி பசுமைக்குடில் தக்காளி, தண்ணீர்தான் இருக்கும். அப்போது நான் இதை நிறுத்திவிட்டு, முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, கொஞ்சமே கொஞ்சம் கேரட், எலுமிச்சை, அதே எண்ணெய், அதே ஃபெட்டா என்று மாறிவிடுவேன். லாய்க்கியில் தக்காளிக்காரரே, இப்போது வேண்டாம், ஜூனில் வா என்று ஒரு ஜனவரியில் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.